ஏஆர்டி மாத்திரையோடு மூலிகை மருந்து: நேரம், லேபிள், ரத்தப் பரிசோதனை

ஏஆர்டி என்பது எச்.ஐ.வி.யை அடக்கி வைக்கும் கூட்டு மருந்து. ஏஆர்டி மையத்தில் மாத்திரை வாங்குகிற பலர் வீட்டில் ஒரு சூரணமோ லேகியமோ வைத்திருக்கிறார்கள். திட்டு விழும் என்று அதை மையத்தில் சொல்வதில்லை. சிக்கல் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. இங்கே சொல்வதெல்லாம் இப்போது பரவலாகக் கொடுக்கப்படும் டிஎல்டி மாத்திரைக்கு: டெனோஃபோவிர் 300 மி.கி., லாமிவுடின் 300 மி.கி., டோலுடெக்ராவிர் 50 மி.கி. சேர்ந்தது. அட்டாசனாவிர், எஃபாவிரென்ஸ் போன்றவை எடுப்பவர்களுக்குக் கணக்கு வேறு; மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில், மூலிகையால் ஆகாத காரியம். கீழாநெல்லிச் சாறும் புன்னை மரத்திலிருந்து பிரித்த சில பொருள்களும் ஆய்வகக் குழாயில் எச்.ஐ.வி.யைத் தடுத்திருக்கின்றன. குழாயில் ஊற்றும் அடர்த்தியை ரத்தத்தில் கொண்டுவருவதுதான் கடினம். நிலவேம்பில் உள்ள ஆண்ட்ரோகிராஃபோலைடை எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கே கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2000-ல் வெளியானது. சிடி4 (நோய் எதிர்ப்பு வெள்ளணு) எண்ணிக்கை கொஞ்சம் ஏறியது. வைரஸ் அளவு குறிப்பிடும்படி குறையவில்லை. ஒருவருக்குக் கடுமையான ஒவ்வாமை உட்படப் பக்கவிளைவுகள் வந்ததால் ஆறாவது வாரத்தில் நிறுத்திவிட்டார்கள். தாம்பரம் அரசு நெஞ்சக மருத்துவமனையில் ரசகந்தி மெழுகு, அமுக்கரா சூரணம், நெல்லிக்காய் லேகியம் என்ற சித்த மருந்துகள் மூன்றையும் சேர்த்துக் கொடுத்தது இலவச ஏஆர்டி இல்லாத காலத்தில். 2004 ஏப்ரலில் இலவச ஏஆர்டி வந்தபோது அதே மருத்துவமனை முதல் மையங்களில் ஒன்றானது. ஆகவே பசியின்மை, மலச்சிக்கல், இருமல், தூக்கமின்மை என்று ஒரு தொந்தரவுக்காக மூலிகை எடுக்கலாம். வைரஸுக்காக என்றால் வேண்டாம்.

மாத்திரையை நிறுத்திவிட்டு லேகியத்துக்கு மாறியவர்கள் முதல் சில வாரம் தெம்பாக உணர்வார்கள். மாத்திரையின் பக்கவிளைவு விட்டுப்போவதாலும், சிடி4 உடனே குறையாததாலும் வரும் தெம்பு அது. அதற்குள், பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரத்தில், வைரஸ் திரும்ப ஏறிவிடும். ஹெபடைட்டிஸ் பி-யும் இருப்பவர்களுக்கு ஆபத்து இரட்டிப்பு. டெனோஃபோவிரும் லாமிவுடினும் அதையும் சேர்த்துத்தான் அடக்கி வைத்திருக்கின்றன. நிறுத்தினால் கல்லீரல் வீங்கி மஞ்சள் காமாலை வரலாம். அதற்கும் கீழாநெல்லி அரைத்துக் குடித்து நாளைக் கடத்தினால் உயிருக்கே உலை.

பற்பம், செந்தூரம்: நேரக் கணக்கு

அதிகம் கவனிக்கப்படாத தவறு இதுதான். டோலுடெக்ராவிர் குடலில் கால்சியம், இரும்பு, மக்னீசியம், அலுமினியம், துத்தநாகம் ஆகியவற்றோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டது ரத்தத்தில் சேராமல் மலத்தோடு போய்விடும். வெறும் வயிற்றில் கால்சியம் மாத்திரையோடு எடுத்தபோது ரத்தத்தில் சேர்ந்த மருந்தளவு 39 சதவீதமும், இரும்பு மாத்திரையோடு 54 சதவீதமும் குறைந்தது. ஜெலுசில் போன்ற அலுமினியம், மக்னீசியம் கலந்த அமில மருந்தோடு சேர்த்தபோது முக்கால் பங்கு போய்விட்டது.

பற்பமும் செந்தூரமும் புடம் போட்டு எடுக்கும் பொடிகள். சங்கு பற்பம், முத்துச்சிப்பி பற்பம், பவழ பற்பம் எல்லாம் கால்சியம். அயச் செந்தூரம், அன்னபேதிச் செந்தூரம் இரும்பு. பற்பம் ஒன்றிரண்டு குன்றி அளவுதானே என்று தோன்றும். உண்மைதான், கால்சியம் மாத்திரையைவிட அளவு குறைவு. ஆனால் தள்ளி எடுப்பதற்கு ஒரு பைசா செலவில்லை, தள்ளியே எடுங்கள்.

விதி: டிஎல்டி போட்டு 2 மணி நேரம் கழித்துப் பற்பமோ செந்தூரமோ எடுக்கலாம். அவற்றை முதலில் எடுத்துவிட்டால் டிஎல்டிக்கு 6 மணி நேரம் காத்திருக்க வேண்டும். இரவு 9 மணிக்கு டிஎல்டி போடுபவர் காலை 8 மணிக்கும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 2 மணிக்கும் பற்பம் எடுத்தால் இடிக்காது. வைத்தியர்கள் வழக்கமாகச் சொல்வது காலை, இரவு இருவேளை. அந்த இரவு வேளைதான் மோதும். அதை மதியத்துக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்களுக்கு டோலுடெக்ராவிர் 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுப்பார்கள். காலை 9, இரவு 9 என்றால் பகலில் 11 முதல் 3 வரைதான் இடைவெளி கிடைக்கும். கால்சியம், இரும்பு மாத்திரைகளை மட்டும் சாப்பாட்டோடு டிஎல்டியுடன் சேர்த்தே போடலாம். அமில மருந்துக்கு இந்தச் சலுகை கிடையாது.

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

உரிம எண், தயாரிப்பு எண், காலாவதித் தேதி, சேர்மானப் பட்டியல் நான்கும் இல்லாததைத் தொடாதீர்கள். சேர்மானத்தில் ரசம், லிங்கம், வீரம், ரசகற்பூரம் என்று இருந்தால் பாதரசம். தாளகம், மனோசிலை, வெள்ளைப் பாஷாணம் என்றால் ஆர்சனிக். முறையாக நஞ்சு நீக்கிச் சுத்தி செய்ததா என்ற விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். டெனோஃபோவிர் ஏற்கெனவே சிறுநீரகத்தின் வழியாகத்தான் வெளியேறுகிறது. அதே உறுப்பின் தலையில் பாதரசத்தையும் ஏற்றுவது வீண் வம்பு. ரசகந்தி மெழுகும் இந்த வகைதான்.

பொட்டலத்தில் மடித்துத் தரும் பெயரில்லாப் பொடி இன்னும் மோசம். ஒரே வாரத்தில் அகோரப் பசி எடுத்து, எடை ஏறி, முகம் உப்பினால் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். எய்ட்ஸைக் குணமாக்கும் என்று எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாது. மருந்துகள் விதிகளின் அட்டவணை ஜே அதைத் தடுக்கிறது. அப்படி ஒரு வரி டப்பாவில் இருந்தாலே கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கப் போதுமான காரணம்.

சில பெயர்களைத் தனியாக நினைவில் வையுங்கள். ஆடுதின்னாப்பாளை, ஈச்சுரமூலி இரண்டிலும் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தை நிரந்தரமாகக் கெடுக்கும், புற்றுநோயும் வரலாம். சீந்தில், அமுக்கரா இரண்டாலும் கல்லீரல் பாதித்ததாகப் பதிவுகள் உண்டு, காசநோய் மாத்திரையும் எடுப்பவர்கள் விலகியிருங்கள். ஆன்லைனில் மனச்சோர்வுக்கு விற்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் டோலுடெக்ராவிரை ரத்தத்திலிருந்து வேகமாக வெளியேற்றிவிடும், அறவே கூடாது. மெட்ஃபார்மின் எடுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கு டோலுடெக்ராவிர் அதன் அளவை ஏற்கெனவே ஏற்றிவிடுகிறது. அதற்கு மேல் சிறுகுறிஞ்சானும் சேர்ந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். ரசத்தில் போடும் மிளகு, பூண்டு, குழம்புக்கு அரைக்கும் மஞ்சள் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். மாத்திரை வடிவில் வரும் அவற்றின் சாறு வேறு விஷயம்.

தொடங்கும் முறை

கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கு), எஸ்ஜிபிடி (கல்லீரலுக்கு) என்ற ரத்தப் பரிசோதனை இரண்டையும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். டோலுடெக்ராவிர் தொடங்கிய முதல் மாதத்தில் கிரியாட்டினின் லேசாக ஏறும். அது சிறுநீரகம் கெட்டதால் ஏறுவதல்ல. ஆகவே மூலிகைக்கு முந்தைய எண் கையில் இருந்தால்தான் பின்னால் ஒப்பிட முடியும். ஒரு நேரத்தில் ஒரே மருந்து. இரண்டு வாரம் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. மூன்றைச் சேர்த்துத் தொடங்கினால் அரிப்பு வந்தாலும் எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது. நான்கு வாரத்தில் அதே இரண்டு பரிசோதனையும் மறுபடி.

வயிற்றைச் சுத்தம் செய்ய வைத்தியர் பேதி மருந்து கொடுத்தால் காலையில் டிஎல்டி போடுபவர்கள் முன்கூட்டியே மையத்தில் நேரம் கேட்டுக்கொள்ள வேண்டும். உடலில் நீர் வற்றினால் சிறுநீரகத்துக்கும் கேடு. பத்தியம் என்று முட்டை, மீன், பருப்பை நிறுத்தச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கண் மஞ்சளாவது, சிறுநீர் கறுப்புக் காப்பி நிறத்தில் போவது, சாப்பாட்டைக் கண்டாலே குமட்டுவது, கால் வீக்கம், சிறுநீர் குறைவது, உடம்பெல்லாம் தடிப்பு: இவற்றில் ஒன்று வந்தாலும் மூலிகையை அன்றே நிறுத்துங்கள். டிஎல்டியை நீங்களாக நிறுத்தாமல் அன்றோ மறுநாளோ மையத்துக்குப் போங்கள். போகும்போது டப்பாவையே எடுத்துப் போங்கள். பெயரை மட்டும் சொன்னால் சேர்மானம் அவர்களுக்குத் தெரியாது. தொடங்கிய தேதியையும் அதில் பேனாவால் எழுதி வையுங்கள். அடுத்த வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள வைரஸ் அளவு) ஏறியிருந்தால் டாக்டர் முதலில் கேட்கப்போவது அந்தத் தேதியைத்தான்.