மேட்டுப்பாத்திக்கு நானே வார்த்த கான்கிரீட் பலகை, விரிசல் எப்படி நின்னுச்சு

மேட்டுப்பாத்திக்கு பக்கச்சுவரா வைக்க 2 இன்ச் கனத்துல பலகை வார்த்தேன், சிமெண்ட் 1 மணல் 2 ஜல்லி 3, முதல்ல போட்ட நாலும் அச்சுலேர்ந்து எடுக்கும்போதே குறுக்கால விரிசல் விட்ருச்சு, மனசே கஷ்டமாயிருச்சு. தப்பு என்னன்னா ஈஸியா ஊத்தணும்னு தண்ணிய அதிகமா விட்டேன், மறுநாளே வெயில்ல காயவும் வச்சுட்டேன். கான்கிரீட் காய்ஞ்சு இறுகறதில்லங்க, சிமெண்டும் தண்ணியும் சேர்ந்துதான் இறுகுது, அதனால ஈரம் போகவே கூடாது. அடுத்த தடவை கெட்டியா கலந்து, நடுவுல வெல்டு மெஷ் (பத்தவச்ச கம்பி வலை) வச்சு, அச்சுக்கு எண்ணெய் தடவி, 2 நாள் கழிச்சு கழட்டி, ஈரச்சாக்கு போட்டு 7 நாள் நனைச்சுட்டே இருந்தேன். ஒண்ணு கூட விரிசல் விடல! ஈரமண்ணு பக்கவாட்டுல பயங்கரமா தள்ளும், அதனால 28 நாள் பொறுத்து, மூலைய போல்ட் போட்டு இறுக்கிட்டுதான் மண்ணு நிரப்புனேன்.