ஃபேன் பெல்ட்டை வீட்டிலேயே இறுக்குவோர் செய்யும் தவறுகள்

காலையில் வண்டியைக் கிளப்பியதும் கீச்சென்று ஒலி கேட்டால், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் ஃபேன் பெல்ட் தளர்ந்துவிட்டது என்று முடிவுகட்டி உடனே ஸ்பேனரை எடுப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு. இஞ்சின் ஆயிலோ கூலன்ட்டோ கசிந்து பெல்ட்டில் படிந்திருந்தாலும், பெல்ட் ஓடும் சக்கரங்களான புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லாவிட்டாலும் அதே ஒலிதான் வரும். கசிவை அடைக்காமல் புது பெல்ட் மாட்டினால் அதுவும் சீக்கிரம் கெடும். சோப்பு தேய்ப்பது ஒலியைச் சிறிது நேரம் அடக்குமே தவிர, வழுக்கலைப் போக்காது.

தளர்ச்சியைவிட அதிக இறுக்கமே ஆபத்து என்பதை நான் பட்டுத்தான் அறிந்தேன். எனது பழைய மாருதி 800-இல், 'கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும்' என்று இறுக்கியபின் ஒலி நின்றது. சில வாரங்கள் கழித்து, உசிலம்பட்டியைத் தாண்டி ஆண்டிபட்டிக் கணவாய் ஏறுகையில் ஆல்டர்னேட்டர் உறுமத் தொடங்கியது. உள்ளே பேரிங் போயிருந்தது. அந்த வண்டியில், இஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட்டை ஓடவிடும் வாட்டர் பம்பையும் இதே பெல்ட்தான் சுழற்றுகிறது. ஆகவே பம்பின் பேரிங்காவது தப்பியது என் நல்லகாலம். பெல்ட் அறுந்தாலோ, சார்ஜ் நிற்பதோடு இஞ்சினும் கொதித்துவிடும். மதுரையின் சித்திரை வெயிலில் அதற்கு அதிக நேரம் ஆகாது.

இரண்டு புல்லிகளுக்கு இடையே நீளமான பகுதியின் நடுவில் கட்டைவிரலால் பலமாக அழுத்தினால், பழைய வண்டிகள் பலவற்றில் ஏறத்தாழ 10 மி.மீ. உள்ளே போகும். சரியான அளவை வண்டியின் கையேட்டில்தான் பார்க்க வேண்டும். புது பெல்ட் சற்றே நீளும் என்பதால், சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி சோதிக்காமல் விடுவதும் தவறே.

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றாமல் கைவைக்கக் கூடாது. ஆல்டர்னேட்டரின் பின்புறமுள்ள தடித்த வயரில், சாவியை எடுத்த பின்னும் மின்சாரம் இருக்கும். ஸ்பேனர் அதையும் பாடியையும் சேர்த்துத் தொட்டால் பொறி பறக்கும். அடுத்து, மேலேயுள்ள அட்ஜஸ்ட் போல்ட்டை மட்டும் தளர்த்திவிட்டு, கீழேயுள்ள போல்ட்டை மறந்து, ஆல்டர்னேட்டர் அசையவில்லையே என்று கடப்பாரையால் நெம்புவோர் உண்டு. அதன் உடல் அலுமினியம்; விரிசல் விட்டுவிடும்.

கடையில் பழைய பெல்ட்டின் நீளத்தை அளந்து வாங்காமல், அதில் அச்சிட்ட எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். 4 பிகே 855 என்றால் நான்கு வரி (பெல்ட்டின் உட்புறம் நீளவாக்கில் ஓடும் மேடுகள்), 855 மி.மீ. நீளம். மாட்டிய பின் ஒவ்வொரு வரியும் புல்லியின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒரு வரி விலகியிருந்தால் ஓரம் பிய்ந்துவரும். பெல்ட்டைத் தானாகவே இறுக்கிப் பிடிக்கும் தானியங்கி டென்ஷனர் உள்ள வண்டிகளில் இறுக்குவதற்கு எதுவுமில்லை; அங்கே ஒலி வந்தால் டென்ஷனரைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

கடைசியாக, இஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டையும் ஏசியையும் போட்டு, பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை வையுங்கள், 13.5 முதல் 14.5 வோல்ட் வரை காட்டினால் பானட்டை மூடலாம்.