பழைய அலுமாரியை வாங்குங்கள், பேஸ்மென்டுக்குள் தேய்க்காதீர்கள்

ரொறன்ரோவுக்கு வந்து இறங்கியவர்களுக்கு அலுவலகக் காரியங்களைச் சொல்லித்தர ஆளுக்குக் குறைவில்லை. சர்வீஸ் கனடாவில் சமூகக் காப்புறுதி எண், சர்வீஸ் ஒன்ராறியோவில் சுகாதார அட்டை, ஒரு வங்கிக் கணக்கு, கையொப்பமிட்ட வாடகை ஒப்பந்தத்தின் பிரதி. சுகாதார அட்டைக்கு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2020 மார்ச்சில் அந்தக் காத்திருப்பை எடுத்துவிட்டார்கள். வந்தவுடனேயே விண்ணப்பியுங்கள். அந்த அட்டை எவ்வளவு சீக்கிரம் தேவைப்படலாம் என்பது கீழே வருகிறது.

நான் எழுத வந்தது தளபாடத்தைப் பற்றி. வெறும் பேஸ்மென்டில், அதாவது வீட்டின் நிலக்கீழ்த் தளத்தில், குடியேறுகிற எல்லோருக்கும் முதலில் வேண்டியது உடுப்பு வைக்க ஓர் அலுமாரி. கடைகளில் பெட்டியில் அடைத்து விற்பது மரத்தூளை அமுக்கிச் செய்த பலகை. இரண்டு முறை வீடு மாறினால் திருகாணி நிற்காது. ஊரில் வேம்பிலும் முதிரையிலும் செய்த அலுமாரியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதில் மனம் ஒட்டாது. அதனால் பழைய மரச்சாமானை வாங்கிச் சீர்செய்யும் எண்ணம் நம்மவர்களுக்கு இயல்பாகவே வருகிறது. அது நல்ல எண்ணம்தான். ஆனால் எதை வாங்குவது, எங்கே வைத்துத் தேய்ப்பது என்பதில் ஊர்ப் பழக்கம் இங்கே நம்மைக் கைவிட்டுவிடும்.

ஸ்காபரோவில் மாதக் கடைசி வந்தால் வீடு மாறுகிறவர்கள் தூக்க முடியாததையெல்லாம் வீதியோரம் விட்டுப் போவார்கள். இணையத்தில் கிஜிஜியிலும் ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலும் அந்த நாட்களில் கேட்ட விலைக்கே கிடைக்கும். பழைய சாமான் விற்கும் ஹபிடாட் ரீஸ்டோர் கடைகளில் திறந்து, தட்டி, நிதானமாகப் பார்த்து வாங்கலாம். பஞ்சும் துணியும் வைத்த எதையும் வீதியிலிருந்து எடுக்காதீர்கள், மூட்டைப்பூச்சி இந்த நகரத்தில் பெரிய தொல்லை. மர அலுமாரியானாலும் லாச்சிகளை வெளியே இழுத்து, மூலைகளையும் திருகாணித் துளைகளையும் டோர்ச் அடித்துப் பாருங்கள். கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். போவதற்கு முன்பே உங்கள் பேஸ்மென்ட் படிக்கட்டின் அகலத்தையும், படி திரும்பும் இடத்தில் தலைக்கு மேலுள்ள உயரத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த நாட்டுப் பழைய தளபாடங்களில் சில உண்மையிலேயே அருமையானவை. நபனி என்ற ஒன்ராறியோ ஊரில் 1835இல் தொடங்கிய கிப்பார்ட் நிறுவனத்தின் வால்நட், மஹோகனி வேலைகளும், கியூபெக்கில் விலாஸ் நிறுவனம் மேப்பிளில் செய்தவையும் இன்றும் ஆடாமல் நிற்கின்றன. முத்திரை பெரும்பாலும் மேல் லாச்சிக்குள்ளோ பின்பலகையிலோ இருக்கும். முத்திரை இல்லாவிட்டால் லாச்சியின் மூலையைப் பாருங்கள். இரண்டு பலகைகளும் பல்வெட்டி ஒன்றுக்குள் ஒன்று பூட்டியிருந்தால் கவனித்துச் செய்த வேலை. பிறகு மேற்பலகையின் வெட்டுமுகத்தைப் பாருங்கள். மேலே ஓடும் ரேகை ஓரத்தில் இறங்கித் தொடர்ந்தால் முழு மரம். ஓரத்தில் ஒரு கோடு மட்டும் தெரிந்தால் வெனீர், அதாவது வேறு பலகையின்மேல் ஒட்டிய மெல்லிய மரத்தகடு. வெனீர் இழிவானது அல்ல, நல்ல நிறுவனங்களும் அதைப் பயன்படுத்தின. ஆனால் அதன் தடிப்பு பலவேளைகளில் ஒரு மில்லிமீட்டர்கூட இராது. ஊரில் ஓடாவியார் சீவுளி போட்டு இழைப்பதுபோல இதை இழைக்க முடியாது.

இனி, பழைய பெயின்டில் இருக்கும் ஈயம்.

என் சிநேகிதர் ஒருவரின் தகப்பனார் வன்னியில் பெயர்பெற்ற ஓடாவி. சிநேகிதருக்கும் அந்தக் கை உண்டு. மரத்தைத் தட்டியே இன்னது என்று சொல்லிவிடுவார். வந்த முதல் மாரியிலேயே அவருக்கு ஓர் உயரமான பழைய அலுமாரி இலவசமாகக் கிடைத்தது. வயோதிபர் ஒருவரின் வீட்டைக் காலிசெய்தவர்கள் கொடுத்தது. கண்ணாடிக் கதவு, மேலே செதுக்கு வேலை, எல்லாவற்றையும் மூடி வெள்ளைப் பெயின்ட். வெள்ளை உரிந்த இடத்தில் பச்சை, அதற்கும் கீழே மஞ்சள் கலந்த ஒரு பூச்சு. உள்ளே நல்ல ஓக் மரம் இருக்கிறது என்று அவர் கணித்தது முழுக்கச் சரி. வெளியே பனி. அதனால் பேஸ்மென்டிலேயே, வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் இருக்கும் அறைக்குப் பக்கத்தில், மின்சார யந்திரத்தில் உப்புத்தாளை மாட்டி மரம் தெரியும்வரை தேய்த்தார். முகத்துக்கு ஒரு துணியைக் கட்டிக்கொண்டார். ஒவ்வொரு மாலையும் மனைவி தும்புத்தடியால் கூட்டி, வீட்டு வாக்குவம் கிளீனரால் இழுத்தார். குழந்தை அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தது.

அலுமாரி அழகாகவே வந்தது. சில காலத்துக்குப் பிறகு குழந்தை சாப்பிட மறுத்தது, வயிறு இறுகியது. இரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைவு என்று பார்த்த டாக்டர், ஈயத்துக்கும் சோதிக்கச் சொன்னார். முதலில் அவர் கேட்டது ஊரிலிருந்து வந்த சரக்குத்தூள், மஞ்சள்தூள், நாட்டு மருந்து பற்றி. தாய்க்கு அது பெரிய மனவருத்தம். “என் அம்மா இடித்து அனுப்பிய தூளையா சந்தேகப்படுகிறார்கள், அண்ணா?” என்று என்னிடம் அழுதார். டாக்டர் கேட்டது நியாயம்தான். ஈயம் கலந்த மஞ்சள்தூளும் சில நாட்டு மருந்துகளும் தெற்காசியக் குடும்பங்களில் பிள்ளைகளைப் பாதித்திருக்கின்றன. ஆனால் இந்த வீட்டில் காரணம் அதுவல்ல. வீட்டில் ஏதாவது பெயின்ட் சுரண்டினீர்களா என்ற கேள்வி பின்னால் வந்தபோதுதான் சிநேகிதருக்கு அலுமாரி நினைவுக்கு வந்தது.

பழைய வெள்ளைப் பெயின்டின் உடம்பே ஈயம்தான். சில பழைய பூச்சுகளில் காய்ந்த எடையில் பாதிவரை ஈயம் இருக்கும். கனடா 1976இல்தான் வீட்டின் உட்புறப் பெயின்டில் ஈயத்தை எடையில் 0.5 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியது. இன்றைய வரம்பு கிலோவுக்கு 90 மில்லிகிராம்; அதாவது 1976இன் வரம்பே இன்றையதைவிட ஐம்பது மடங்குக்கு மேல். 1960க்கு முன் பூசியது என்றால் ஈயம் உண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். பூச்சு அசையாமல் இருக்கும்வரை பெரும் கேடில்லை. உலர்வாகத் தேய்த்ததும் கண்ணுக்குத் தெரியாத தூளாகிறது. தூள் தரையில் படிகிறது, தவழும் குழந்தையின் கையில் ஒட்டுகிறது, கை வாய்க்குப் போகிறது. வயிற்றுக்குள் போகும் ஈயத்தில் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகச் சிறுபிள்ளைகளின் உடல் உறிஞ்சிக்கொள்ளும், இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளை இன்னும் கூடுதலாக. இரத்தத்திலிருந்து மெல்ல இறங்கினாலும் எலும்பில் பல ஆண்டுகள் தங்கும். கர்ப்ப காலத்தில் தாயின் எலும்பிலிருந்து மீண்டும் வெளியேறும். இவ்வளவு இருந்தால் தீங்கில்லை என்று சொல்ல ஓர் அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஊரில் இது ஏன் நமக்குத் தெரியவில்லை? ஓடாவியார் மாமர நிழலில் வேலை செய்தார், காற்று தூளைக் கொண்டுபோனது. நம் அலுமாரிகள் பெரும்பாலும் பெயின்ட் காணாதவை, அரக்கைச் சாராயத்தில் கரைத்துப் பூசியவை. இங்கோ மாரியில் யன்னல் திறப்பதில்லை. ஃபர்னஸ் பேஸ்மென்டின் காற்றை உள்ளே இழுத்து, சூடாக்கி, குழாய்கள் வழியாக மேல்மாடிப் படுக்கையறைவரை அனுப்புகிறது. கீழே தேய்த்த தூள் மேலே வீட்டுக்காரரின் பிள்ளைகள் தூங்கும் அறைக்கும் போனது. சாதாரண வாக்குவம் கிளீனர் நுண்தூளைப் பிடிக்காமல் பின்பக்கத்தால் காற்றில் ஊதிவிட்டது. சுத்தம் செய்யச் செய்ய அது பரவியது.

குழாய்கள், கம்பளம், மெத்தை, எல்லாவற்றுக்கும் செலவு. ஒரு குடும்பம் வேறு வீட்டில் தங்கவேண்டி வந்தது. வீட்டுக்காரரும் நம்மவர்தான், அவருடைய கோபத்தையும் நான் குறை சொல்லமாட்டேன். குழந்தையின் அளவு இறங்கிவருகிறது, இரத்தச் சோதனை இன்னும் தொடர்கிறது. எனக்கு ஆத்திரம் வருவது, மூன்று நிறப் பூச்சுள்ள அலுமாரியை ஒரு வார்த்தை எச்சரிக்காமல் கொடுத்து அனுப்பியவர்கள்மீது. பளபளப்பான வீடியோக்களில் அறைக்குள் நின்று சிரித்தபடி பழைய பெயின்டைத் தேய்த்துக் காட்டுகிறவர்கள்மீது. “நாங்கள் அந்தக் காலத்தில் தேய்க்காததா?” என்று இன்றைக்கும் சொல்லும் நம் பெரியவர்கள்மீதும்தான்.

ஆகவே, வீட்டில் சிறுபிள்ளையோ கர்ப்பிணியோ இருந்தால் பெயின்ட் பூசிய பழைய தளபாடத்தை எடுக்கவே வேண்டாம், இலவசமானாலும். பழைய தொட்டிலும் வேண்டாம். 1986 செப்டம்பருக்கு முன் செய்த தொட்டில்களைப் பாவிக்கக்கூடாது என்று கனடா சுகாதாரத் துறை சொல்கிறது. பக்கம் இறங்கும் தொட்டிலை விற்பதே 2016 கடைசியிலிருந்து சட்டவிரோதம். பெயின்ட் அலுமாரி ஏற்கெனவே வீட்டில் இருந்தால், எல்லாப் பூச்சும் அடங்கும்படி ஒரு சிறு துண்டை ஈரப்படுத்திச் சுரண்டி, பையில் மூடி, ஓர் ஆய்வுகூடத்துக்கு அனுப்புங்கள். கடையில் வாங்கும் சோதனைக் குச்சி ஈயம் உண்டு என்று காட்டினால் நம்புங்கள், இல்லை என்று காட்டினால் நம்பாதீர்கள். ஈயம் உண்டு என்று தெரிந்தால் தேய்ப்பதும் சுடுகாற்று ஊதும் கருவியால் உரிப்பதும் கூடாது. ஏற்கெனவே தேய்த்துவிட்டீர்களா? கூட்டுவதை நிறுத்துங்கள், ஃபர்னஸ் விசிறியை அணையுங்கள், ஈரத்துணியால் துடையுங்கள், நுண்தூளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டியுள்ள வாக்குவமை மட்டும் பாவியுங்கள், பிள்ளையை டாக்டரிடம் கொண்டுபோய் ஈயச் சோதனையை நீங்களே கேளுங்கள். அட்டை இருந்தால் செலவில்லை. கேட்பதில் வெட்கமும் இல்லை.

பெயின்ட் இல்லாத, மரநிறம் தெரியும் அலுமாரியை வாங்கினால் வேலை இனிமையானது. பழைய வார்னிஷிலும் சிலவேளை ஈயம் இருக்கும் என்பதால் அதையும் வீட்டுக்குள் தேய்க்கவேண்டாம். மே மாதப் பிற்பகுதியில் விக்டோரியா நாள் வரும், அதுவரை பொறுத்து வெளியே கொண்டுபோங்கள். குளிர்ந்த கராஜில் பூசியது ஒழுங்காகக் காயவும் மாட்டாது. முதலில் பாத்திரம் கழுவும் திரவம் சில துளி விட்ட வெந்நீரில் துணியைப் பிழிந்து துடையுங்கள். பல அலுமாரிகளுக்கு அதுவே போதும், பழுப்பு என்று நினைத்தது அழுக்காக இருக்கும். பூச்சு எது என்று அறிய, மறைவான இடத்தில் மெதைல் ஹைட்ரேட் ஒரு துளி வையுங்கள். ஊரில் ஸ்பிரிட் என்போமே, அதைப்போன்றது, ஆனால் நஞ்சு; கையுறை போடுங்கள். பிசுபிசுத்தால் அது அரக்கு, நம் ஊர் பாலிஷின் அதே சரக்கு. புது அரக்கைக் கரைத்து மேலே பூசினால் பழையதோடு கலந்து ஒன்றாகிவிடும், சுரண்டவே தேவையில்லை. இந்தத் திரவங்களைப் பேஸ்மென்டில் திறக்காதீர்கள், காஸ் வெந்நீர்த் தொட்டியின் சுடர் அங்கேதான் எரிகிறது. லின்சீட் எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவிடுங்கள்.

கைப்பிடி மாற்றும்போது பழைய துளைகளின் இடைவெளியை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். பழையவற்றில் பெரும்பாலும் மூன்று அங்குலம், புதியவற்றில் 96 மில்லிமீட்டர். எங்கள் வீட்டில் அப்படி ஓர் உயரமான வால்நட் அலுமாரியின் மேல்பாதியில் கதவைக் கழற்றி, இரண்டு தட்டு வைத்துச் சாமி அறையாக்கியிருக்கிறோம். நவராத்திரிக்குக் கும்பமும் கொலுவும் அதில்தான். கற்பூரத்தை மட்டும் அலுமாரிக்குள் கொளுத்துவதில்லை, வெளியே தட்டில்.

கடைசி வேலை, அலுமாரியைச் சுவரோடு கட்டுவது. லாச்சிகளைத் திறந்து படியாக ஏறும் பிள்ளைமேல் முழு அலுமாரியும் சாயும். இங்குள்ள சுவர் ஜிப்சம் அட்டை, அதில் அடித்த ஆணி இழுபட்டுவிடும். உள்ளே பெரும்பாலும் பதினாறு அங்குலத்துக்கு ஒன்றாக மரக்கால்கள் நிற்கின்றன. ஒரு சிறு காந்தத்தைச் சுவரில் மெல்ல நகர்த்தினால் அட்டையைப் பிடித்த திருகாணியில் ஒட்டும், மரக்கால் அதற்குப் பின்னால். வீட்டுக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு, அந்த மரத்துக்குள் ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் இறங்கும் நீளத்தில் திருகாணி போடுங்கள்.