கிளியரிங் அலுவலகத்துக்குச் சொந்தமாக ஒரு சாட் சர்வர்: டெபியனில் ப்ரோசடி நிறுவும் முறை

சென்னையின் தம்புச் செட்டி தெருவிலும் மண்ணடியிலும் உள்ள, சரக்கைச் சுங்கத்தில் விடுவித்துத் தரும் கிளியரிங் ஏஜென்ட் அலுவலகங்களில், கஸ்டம்ஸ் ஹவுஸில் நிற்பவரும் மணலி கன்டெய்னர் யார்டில் காத்திருப்பவரும் சுங்கத்துக்கான இறக்குமதி ஆவணமான பில் ஆஃப் என்ட்ரியைத் தத்தம் சொந்த வாட்ஸ்அப்பில்தான் அனுப்பிக்கொள்கிறார்கள். ஊழியர் வேலையை விட்டால் சரக்கு விவரமும் அவருடைய போனோடு போய்விடுகிறது. இதற்கு மாற்றாக, எக்ஸ்எம்பிபி என்ற செய்திப் பரிமாற்ற நெறிமுறையில் இயங்கும் ப்ரோசடி என்ற திறமூல சர்வரை டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் நிறுவுவதை இங்கே விளக்குகிறேன். 1999இல் ஜாபர் என்ற பெயரில் தொடங்கிய இந்நெறிமுறைக்கு ஈஜாபர்டி, ஓப்பன்ஃபயர் போன்ற சர்வர்களும் உண்டு. ஆனாலும் சிறிய அலுவலகத்துக்குக் குறைந்த நினைவகத்தில் ஓடும் ப்ரோசடியே போதும் என்பது என் கருத்து.

சர்வரை எங்கே வைப்பது என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். பல பிராட்பேண்ட் இணைப்புகளில் தனிப் பொது ஐபி முகவரி கிடைப்பதில்லை. போதாததற்கு, டிசம்பர் மழையில் வடசென்னையின் தரைத்தள அறைகளுக்குள் தண்ணீர் வருவதும் நாம் அறிந்ததே. ஆகவே மாத வாடகைக்கு ஒரு விபிஎஸ் (இணையவழி மெய்நிகர் சர்வர்) எடுத்து, உங்கள் டொமைனின் கீழ் ‘சாட்’ என்று தொடங்கும் துணைப்பெயரை அதன் ஐபிக்கு ஏ ரெக்கார்டாக (பெயரை ஐபியோடு இணைக்கும் டிஎன்எஸ் பதிவு) காட்டுங்கள். குழு அறைக்கும் கோப்புப் பகிர்வுக்கும் இதன் கீழேயே ‘கான்ஃபரன்ஸ்’, ‘அப்லோட்’ என்று இரண்டு பெயர்கள் வேண்டும்.

நிறுவல் எளிது. ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ப்ரோசடி’ என்ற கட்டளை போதும். (கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி எழுதியிருக்கிறேன், டெர்மினலில் ஆங்கில எழுத்துகளில் தட்ட வேண்டும்.) பிறகு ஈடிசி கோப்பகத்தில், ப்ரோசடி பெயரிலுள்ள கோப்புறையின் லுவா அமைப்புக் கோப்பைத் திறந்து, ‘விர்ச்சுவல்ஹோஸ்ட்’ வரியில் உங்கள் துணைப்பெயரை எழுதுங்கள். அதன் கீழே ‘காம்பொனன்ட்’ வரிகளில் குழு அறைக்கு ‘எம்யூசி’ என்ற மாட்யூலையும் (கூடுதல் வசதி தரும் துணைநிரல்), கோப்புகளுக்கு ‘எச்டிடிபி ஃபைல் ஷேர்’ மாட்யூலையும் சேருங்கள்.

இந்த அலுவலகங்களுக்கு மிக முக்கியமானது பழைய செய்திகளின் சேமிப்பு. அதே அமைப்புக் கோப்பில் ‘மாம்’ என்ற மாட்யூலின் முன் இரண்டு சிறு கோடுகள் இருந்தால் அவற்றை நீக்குங்கள். குழு அறைக்குத் தனியே ‘எம்யூசி மாம்’ வேண்டும். செய்திகளும் கோப்புகளும் இயல்பாக ஒரு வாரத்தில் அழிந்துவிடும் என்பதால், டிமரேஜ் (சரக்கை எடுக்கத் தாமதமானதற்கான கட்டணம்) தகராறு வரும்போது பழைய ஆவணம் கையில் இருக்கும்படி இரண்டின் காலாவதியையும் ஓராண்டாக மாற்றிவிடுங்கள். கோப்பின் இயல்பான உச்ச அளவு 10 எம்பி. ஸ்கேன் செய்த கட்டுகளுக்கு அது போதாமல் போகலாம்.

அடுத்து, இணைப்பை மறைகுறியாக்கத் தேவையான சான்றிதழ். பெரும்பாலானோர் தடுமாறுவது இங்கேதான். செர்ட்பாட் என்ற கருவி மூலம் மூன்று பெயர்களுக்கும் சேர்த்து லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் பெறலாம்; ஆனால் அதன் ரகசியத் திறவுகோலை ரூட் (நிர்வாகி) பயனர் மட்டுமே படிக்க முடியும், ப்ரோசடியோ தனிப் பயனராக இயங்குகிறது. ‘ப்ரோசடிசிடிஎல்’ கருவியின் ‘செர்ட் இம்போர்ட்’ கட்டளை அதை உரிய இடத்துக்கு நகலெடுத்துக் கொடுக்கும். புதுப்பிக்கும்போதெல்லாம் இது தானே நடக்க, செர்ட்பாட்டின் டிப்ளாய் ஹுக்கில் (புதுப்பித்ததும் ஓட வேண்டிய கட்டளைக்கான இடம்) அக்கட்டளையைச் சேர்க்க மறவாதீர்கள்.

ஃபயர்வாலில் செயலிகளுக்கு 5222, கோப்புகளுக்கு 5281, சான்றிதழுக்கு 80 ஆகிய போர்ட்களைத் திறந்து, நீங்கள் சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச் போர்ட்டையும் அனுமதித்த பிறகே ஃபயர்வாலை இயக்குங்கள். அலுவலகத்துக்குள் மட்டும் பேசுவதென்றால் பிற சர்வர்களோடு இணைக்கும் ‘எஸ்2எஸ்’ மாட்யூலை முடக்கிவிடலாம். அப்போது அதற்கான 5269 போர்ட் தேவையில்லை. யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கும் வசதி மூடியிருக்கட்டும். ஒவ்வொருவருக்கும் நீங்களே ப்ரோசடிசிடிஎல்லின் ‘ஆட்யூசர்’ கட்டளையால் கணக்குத் திறங்கள். விலகிச் செல்பவரின் கணக்கை ‘டெல்யூசர்’ கொடுத்து நீக்கினால் அவருடைய சேமிப்பும் அழியும் என்பதால், கடவுச்சொல்லை மட்டும் மாற்றுவது நல்லது.

ப்ரோசடியை ரீஸ்டார்ட் செய்து, ‘ப்ரோசடிசிடிஎல் செக்’ கொடுத்தால் டிஎன்எஸ், சான்றிதழ், அமைப்புப் பிழைகளை அதுவே சுட்டும். ஆண்ட்ராய்டில் கான்வர்சேஷன்ஸ், ஐபோனில் மோனல், கணினியில் காஜிம் ஆகிய செயலிகளைப் பயன்படுத்தலாம். வார் லிப் கோப்பகத்திலுள்ள ப்ரோசடி கோப்புறையையும் அமைப்புக் கோப்பையும் தினமும் வேறொரு கணினிக்கு நகலெடுக்க ஒரு கிரான் (குறித்த நேரத்தில் கட்டளையைத் தானே ஓட்டும் வசதி) வரி எழுதிவையுங்கள்.