பிக்கப் வாங்குமுன் பார்க்க வேண்டிய இரண்டு எடைகள்

சிங்கப்பூரில் கட்டுமானம், புதுப்பிப்பு போன்ற தொழில்களுக்குப் பிக்கப் அல்லது சிறு லாரி வாங்குவோர் பின்தட்டின் நீளத்தையும் எஞ்சினின் வலுவையும் முதலில் பார்க்கிறார்கள். உண்மையில் முதலில் பார்க்க வேண்டியவை, வாகனத்தின் பக்கவாட்டில் எழுதப்பட்டிருக்கும் வெற்று எடையும் அதிகபட்ச மொத்த எடையும்தான். பின்னதிலிருந்து முன்னதைக் கழித்தால் கிடைப்பதே ஏற்றத்தக்க சுமை. உடன் வரும் ஆட்களின் எடையும் கருவிப் பெட்டிகளின் எடையும் அதற்குள்தான் அடங்க வேண்டும். பிறகு பொருத்தும் கூரையும் டெயில் லிஃப்டும் (பின்புறத்தில் சுமையை ஏற்றி இறக்கும் தூக்கி) வெற்று எடையைக் கூட்டி, ஏற்றத்தக்க சுமையைக் குறைத்துவிடும் என்பதை விற்பனையாளர் தாமாகச் சொல்வது அரிது. நாம்தான் கேட்க வேண்டும்.

ஒரு கன மீட்டர் உலர்ந்த மணலே ஏறத்தாழ 1,600 கிலோ எடையுள்ளது, ஈரமானால் இன்னும் கூடும் என்பதால், இரட்டை வரிசை இருக்கை கொண்ட பிக்கப்பின் தட்டு பாதி நிரம்பும் முன்பே வரம்பு கடந்துவிடலாம். அத்தகைய வேலைக்கு ஒற்றை வரிசை லாரியே பொருத்தம் என்பது என் கருத்து.

பெரியதாக வாங்கினால் கவலையில்லை என்றும் எண்ணிவிட முடியாது. அதிகபட்ச மொத்த எடை 3,500 கிலோவைத் தாண்டும் லாரிகளுக்கு விரைவுச்சாலையிலும் வேக வரம்பு மணிக்கு 60 கிலோமீட்டர்தான். வெற்று எடை 2,500 கிலோவைத் தாண்டினால் ஓட்டுநருக்குப் பொதுவாக வகுப்பு 3 (கார், சிறு வாகன) உரிமம் போதாது, வகுப்பு 4 (கனரக வாகன) உரிமம் வேண்டும்.