புரட்டாதிக்குள் கூரை: யாழ்ப்பாணத்தில் வீடு கட்ட நாள் திட்டம் போடும் முறை

யாழ்ப்பாணத்தில் பாதியில் நிற்கும் வீடுகள் பலவும் ஒரே நிலையில்தான் நிற்கின்றன. சுவர் எழும்பியிருக்கும், லிண்டல் (கதவு யன்னலுக்கு மேலே வரும் கொங்கிறீற்று விட்டம்) போட்டிருக்கும், கூரை இருக்காது. காசு முடிந்துவிட்டது என்பார்கள். பல இடங்களில் காசுக்கு முன்பே நாள் முடிந்திருக்கும். மழை தொடங்கி, மேசன் வேறு வேலைக்குப் போய், அவர் திரும்பி வருவதற்குள் சீமெந்து விலை ஏறியிருக்கும்.

இதைத் தவிர்க்கக் கணினி மென்பொருள் தேவையில்லை. ஒரு சதுரக்கோட்டுக் கொப்பியும் பென்சிலும் போதும். உதாரணத்துக்கு 1,000 சதுர அடி மாடியில்லா ஓட்டு வீடு ஒன்றை எடுப்போம். ஆட்கள் இரண்டு மேசன், மூன்று கையாட்கள். கிழமைக்கு 6 வேலை நாள்.

முதலில் வேலைகளைப் பிரியுங்கள்

ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நாள் என்பதை ஊகித்து எழுதாதீர்கள், அளவிலிருந்து எடுங்கள். லிண்டல் மட்டம் வரையான சுவரைப் பாருங்கள். சுவர்களின் மொத்த நீளம் 200 அடி, உயரம் 7 அடி, ஆக 1,400 சதுர அடி. கதவு யன்னலுக்கு 200 கழித்தால் 1,200. சாந்து இடைவெளியோடு 16 அங்குலம் நீளமும் 8 அங்குலம் உயரமும் வரும் சீமெந்துக் கல் 100 சதுர அடிக்கு ஏறத்தாழ 112 வேண்டும். மொத்தம் 1,350 கல், உடைவுக்கு 5 வீதம் கூட்டி வாங்குங்கள். ஒரு மேசன் நாளுக்கு 60 கல் வைத்தால் இருவருக்கும் 120. 1,350 கல்லுக்கு 12 நாள். கதவு யன்னல் நிலைகளை நிறுத்தவும் சாரம் கட்டவும் 2 நாள் சேர்த்தால் 14.

இதே முறையில் மற்றவையும்:

- அளவு அடித்து அத்திவாரம் வெட்டுதல்: 5 நாள்
- அத்திவாரக் கொங்கிறீற்றும் கட்டும்: 12
- அத்திவார பெல்ட் (சுவருக்கு அடியில் சுற்றிவரப் போடும் கொங்கிறீற்றுப் பட்டி): 6
- உள்ளே மண் நிரப்பித் தண்ணீர் விட்டு இறுக்குதல்: 5
- லிண்டல் வரை சுவர்: 14
- லிண்டல், இறுகும் நாள்களோடு: 7
- மேல் சுவர், கூரை பெல்ட்: 10
- கைமரம், சிலாகை, ஓடு: 14

மொத்தம் 73 வேலை நாள். அத்திவாரம் வெட்டும் 5 நாளை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். வலிகாமப் பகுதியில் பல காணிகளில் இரண்டு மூன்று அடிக்குள் சுண்ணாம்புப் பாறை தட்டும். மண்வெட்டி நின்று, பாறை உடைக்கும் பிறேக்கர் இயந்திரத்தை வாடகைக்கு எடுக்க வேண்டி வரும். வேலை தொடங்க முன்னரே காணியின் நான்கு மூலையிலும் ஒவ்வொரு சின்னக் கிடங்கு வெட்டிப் பாருங்கள். அரை நாள் வேலைதான், ஆனால் திட்டத்தின் முதல் கிழமையை அதுதான் தீர்மானிக்கும்.

எது எதற்காகக் காத்திருக்கிறது?

ஆரம்பத்தில் திட்டம் போடுபவர்கள் மிகவும் சறுக்கும் இடம் இது. வேலைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பக்கத்தில் திகதி போட்டுவிடுவார்கள். அது வெறும் பட்டியல். ஒவ்வொரு வேலைக்கும் எதிரே, அது தொடங்க முன் எது முடிந்திருக்க வேண்டும் என்று எழுதினால்தான் திட்டம்.

சுவருக்கு எதிரே என்ன எழுதுவீர்கள்? மண் நிரப்பல் என்று எழுதுவீர்கள். கதவு நிலையும் யன்னல் நிலையும் அங்கே வர வேண்டும், ஏனென்றால் நிலையை நிறுத்திவிட்டுத்தான் கல் கட்டுவோம். தச்சர் 6 கிழமை கேட்டால் அது 36 வேலை நாள். அத்திவாரம் தொடங்கிய அன்று ஓடர் கொடுத்தால், மண் நிரப்பல் 28 ஆம் நாள் முடியும், நிலை 36 ஆம் நாள் வரும். 8 நாள் மேசன் சும்மா இருக்க வேண்டும். எந்த மேசனும் அப்படி இருக்கமாட்டார். இன்னொரு வீட்டில் வேலை பிடித்தால், அந்த வேலை முடிந்த பிறகுதான் திரும்புவார். 8 நாள் ஒரு மாதமாக நீள்வது இப்படித்தான். இரண்டு கிழமை முன்பே ஓடர் கொடுத்தால் 24 ஆம் நாளே நிலை வந்துவிடும், 4 நாள் கையில் இருக்கும்.

கல் அறுக்கும் இடத்திலும் இதே கணக்குத்தான். புதிதாக வார்த்த கல்லுக்கு இரண்டு கிழமையாவது தண்ணீர் விட்டு, பிறகு காயவிட வேண்டும். பச்சைக் கல்லால் கட்டிய சுவர் பின்னால் சுருங்கி, பூச்சில் மயிர்வெடிப்பு விடும்.

இப்படி ஒன்றுக்காக ஒன்று காத்திருக்கும் வேலைகளின் சங்கிலிகளில் எது மிக நீளமோ அதைச் சிவப்புப் பென்சிலால் கீறுங்கள். அதில் ஒரு நாள் பிந்தினால் வீடு ஒரு நாள் பிந்தும். மலசலகூடக் குழி 10 நாள் வேலை, அதற்காக எந்த வேலையும் காத்திருப்பதில்லை. ஆனாலும் ஆவணிக்குள் வெட்டிவிடுங்கள். மழை விழுந்தால் நிலத்தடி நீர் ஏறிக் குழிக்குள் தண்ணீர் நிற்கும். கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம் விட வேண்டும் என்பதை வரைபடம் அனுமதிக்குக் கொடுக்கும்போதே மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ கேட்டுக்கொள்ளுங்கள். சுண்ணாம்புப் பாறை வெடிப்புகளால் கழிவுநீர் வேகமாகக் கிணற்றுக்குப் போகும், அதனால் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

மழையிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

எங்கள் மழையின் பெரும்பகுதி ஒக்ரோபரிலிருந்து டிசெம்பர் வரை விழுகிறது. 2008 நவம்பரில் நிஷா புயலோடு வந்த வெள்ளம் எவ்வளவு வேகமாக ஏறியது என்பதைக் கண்டவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆகவே ஓடு ஏறி முடியும் நாளை ஒக்ரோபர் 10 என்று கொப்பியில் முதலில் குறியுங்கள். தொடங்கும் நாளை அதிலிருந்து பின்னோக்கி எண்ணி எடுங்கள்.

73 நாளோடு, தடங்கல்களுக்கென 20 வீதம் கூட்டினால் 88. அது 15 கிழமை. ஒக்ரோபர் 10 இலிருந்து 15 கிழமை பின்னால் போனால் ஜூன் 27. அது ஆனி மாதம், ஆனியில் நாட்கல் (நல்ல நாள் பார்த்து வைக்கும் அத்திவாரக் கல்) வைக்கமாட்டோம். அடுத்த மாதம் ஆடி. அதையும் பலர் விலக்குவார்கள், நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் அதற்குக் கிட்டவே வரும், ஆட்கள் குறைவார்கள். எனவே வைகாசியில் நாட்கல். அனுமதி, நில அளவை, நிலை ஓடர் எல்லாம் பங்குனி, சித்திரையிலேயே நடக்க வேண்டும். சாத்திரியாரிடம் போகும்போது இந்தக் கொப்பியையும் கொண்டுபோங்கள். நல்ல நாளும் திட்டத்தில் ஒரு வரிதான்.

காசுக்கும் ஒரு வரி

கொப்பியில் ஒவ்வொரு கிழமைக்கும் கீழே, அந்தக் கிழமை எவ்வளவு காசு வெளியே போகும் என்று எழுதுங்கள். 2012 இல் பெரிய அளவில் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கான 5,50,000 ரூபா ஒரேயடியாகக் கொடுக்கப்படவில்லை. கட்டம் முடிய முடியத்தான் அடுத்த பகுதி வந்தது. சொந்தக் காசில் கட்டுபவரும் இந்த ஒழுங்கைப் பின்பற்றலாம். அத்திவாரம், லிண்டல், கூரை, பூச்சு, முடிப்பு என்று ஐந்து கட்டம் வைத்து, முடிந்த வேலைக்குக் காசு கொடுங்கள்.

விலையை எழுதும்போது 2022 ஐ நினைவில் வையுங்கள். அந்த மார்ச்சில் ரூபாவின் பெறுமதியைச் சந்தையே தீர்மானிக்க விட்டதும், 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில கிழமைகளில் 360 ஐத் தொட்டது. காங்கேசன்துறைத் தொழிற்சாலை 1990 இல் நின்றதிலிருந்து சீமெந்து முழுவதும் குடாநாட்டுக்கு வெளியிலிருந்துதான் வருகிறது. டொலர், டீசல், பெறுமதி சேர் வரி எதில் அசைவு வந்தாலும் ஒரு பக்கற்றின் விலை அசையும். 2024 ஜனவரியில் அந்த வரி 18 வீதமானது. வெளிநாட்டுக் காசில் கட்டுபவர்கள் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2023 இல் ரூபா பலமானபோது, அதே டொலருக்குக் குறைந்த ரூபாதான் கிடைத்தது. கணக்கை ரூபாவில் எழுதி, 15 வீதம் ஒதுக்கி வையுங்கள்.

விலை ஏறும் என்று பயந்து சீமெந்தை வாங்கி அடுக்காதீர்கள். எங்கள் ஈரக் காற்றில் ஒரு மாதத்துக்கு மேல் வைத்தால் பலம் குறையத் தொடங்கும். வைத்தே ஆகவேண்டுமானால் நிலத்திலிருந்து அரை அடி உயரப் பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி, 10 பக்கற்றுக்கு மேல் அடுக்காமல் வையுங்கள். முன்கூட்டி வாங்க ஏற்றவை கம்பியும் வயரும். தரை ஓட்டை ஒரே தடவையில், ஒரே தொகுதி இலக்கத்தில் எடுங்கள், பிறகு வாங்குவது நிறம் மாறும். மணல் வாங்கும்போது அனுமதிப்பத்திரத்தைக் கேட்டுப் பாருங்கள், கையில் எடுத்து நாக்கில் வைத்தும் பாருங்கள். உப்புக் கரித்தால் கொங்கிறீற்றுக்கு எடுக்க வேண்டாம், கம்பி துருப்பிடித்து ஊதி உடைக்கும். கிணற்றுத் தண்ணீர் சவராக இருந்தாலும் இதே விளைவுதான்.

ஞாயிறு தோறும் அரை மணித்தியாலம்

முடிந்த வேலைகளின் கட்டங்களைக் கொப்பியில் நிரப்பிக் கீறுங்கள். சிவப்புச் சங்கிலி பிந்தியிருந்தால் எதைச் சுருக்கலாம் என்று பாருங்கள். சுவரைச் சுருக்கலாம். மூன்றாவது மேசன் சேர்ந்தால் நாளுக்கு 180 கல், 14 நாள் 10 ஆகும். கொங்கிறீற் இறுகும் நாளைச் சுருக்க முடியாது. லிண்டலைத் தாங்கும் முட்டுக்கால்களை நாலாம் நாள் கழற்றி நாள் மிச்சம் பிடித்தால் நடுவில் தொய்ந்துவிடும்.

மூன்றாவது மேசன் கிடைப்பாரா என்பது வேறு கேள்வி. 2022 இல் மட்டும் இலங்கையிலிருந்து 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள், கைத்தொழில் தெரிந்தவர்களும் அதில் அடக்கம். நல்ல மேசனிடம் தொடங்கும் நாளை மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். லிண்டல் எப்போது, பூச்சு எப்போது என்று முழுக் கொப்பியையும் காட்டுங்கள். தன் அடுத்த வேலையை அவர் அதற்கேற்ப ஒழுங்குபடுத்துவார்.

ஓடு ஏறியதும் அவசரம் குறையும். மின்குழாய் 5 நாள், பூச்சு 24, தரை 15, கதவும் பெயின்ற்றும் 14, ஆக 58. மழைக்குள் உட்பூச்சைச் செய்யலாம். வெளிப்பூச்சைத் தைக்கு விடுங்கள், பூசிய சுவர் நான்கு கிழமை காய்ந்த பிறகே பெயின்ற் அடியுங்கள், ஈரச் சுவரில் அடித்தால் உரிந்து வரும். குடிபூரலுக்கு அதன்பிறகு நாள் பார்க்கலாம். வெளிநாட்டு உறவினருக்கு அந்தத் திகதியை, கடைசி முகட்டு ஓடு வைத்த பிறகே சொல்லுங்கள்.