முதல் லேசருக்கு முன்னால் முகத்தை என்ன செய்யக்கூடாது

மோவாயிலும் மேலுதட்டிலும் வளரும் முடிக்கு லேசர் செய்துகொள்ளலாம் என்று முடிவெடுத்ததும் பெரும்பாலானவர்கள் விசாரிப்பது இரண்டே விஷயம்தான்: எவ்வளவு ஆகும், வலிக்குமா. இரண்டுக்கும் கிளினிக்கில் பதில் கிடைத்துவிடும். ஆனால் முகம் கறுத்துப்போவது, கொப்புளம் வருவது, நாலு சிட்டிங் முடிந்தும் முடி அப்படியே இருப்பது என்று பிறகு வரும் புகார்களில் பலவற்றுக்கான விதை, கிளினிக் வாசலை மிதிப்பதற்கு முந்தைய ஒரு மாதத்தில் வீட்டிலேயே விழுந்திருக்கும்.

லேசர் தேடிப் போவது மெலனின் என்ற கறுப்பு நிறமியை. முடியில் உள்ள மெலனின் ஒளியை உறிஞ்சிச் சூடாகிறது, அந்தச் சூடு வேர்ப்பகுதியைப் பொசுக்குகிறது. 1983-ல் ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் விளக்கிய தத்துவம் இது. சிக்கல் என்னவென்றால், அதே மெலனின் நம் தோலிலும் தாராளமாக இருக்கிறது. மாநிறமோ கறுப்போ ஆன தோலில், வேருக்குப் போகவேண்டிய சூட்டில் ஒரு பங்கைத் தோலும் வாங்கிக்கொள்ளும். அதனால் நாம் பார்த்துக்கொள்ள வேண்டியது இரண்டு: வேரில் முடி இருக்க வேண்டும், தோல் வழக்கத்தைவிடக் கறுத்தோ புண்பட்டோ இருக்கக்கூடாது.

முதலாவதிலேயே பலர் தவறிவிடுகிறார்கள். லேசருக்குப் போகும்போது முகம் சுத்தமாக இருக்கட்டும் என்று முந்தின வாரம் பார்லருக்குப் போய் த்ரெட்டிங் செய்துகொள்வார்கள். த்ரெட்டிங், வேக்சிங், பிளக்கர், எபிலேட்டர் எல்லாமே முடியை வேரோடு பிடுங்குபவை. பிடுங்கிய இடத்தில் லேசர் பிடித்துக்கொள்ள எதுவுமே இல்லை. ஒளி போகும், பணம் போகும், முடி மட்டும் போகாது. குறைந்தது நாலு வாரம் முன்பே இவற்றை நிறுத்திவிட வேண்டும். சிகிச்சை நடக்கும் மாதங்களிலும் இதே விதிதான். இரண்டு சிட்டிங்குக்கு நடுவே ஏதோ விசேஷம் வந்து மேலுதட்டை மட்டும் த்ரெட்டிங் செய்துகொண்டால், அடுத்த சிட்டிங் பாதி வீண்.

அப்படியென்றால் ஒரு மாதம் தாடியோடு திரிவதா? வேண்டாம், ஷேவ் பண்ணலாம். இங்கேதான் பெண்கள் பதறுவார்கள்: ‘ஷேவ் பண்ணினால் தடித்து வளருமே!’ வளராது. பிளேடு வெட்டுவது தோலுக்கு மேலே இருக்கும் செத்த இழையை. வேருக்கு அந்தச் செய்தியே போவதில்லை. வெட்டிய நுனி மொட்டையாக இருப்பதால் தடவும்போது சொரசொரவென்று தெரிகிறது, அவ்வளவுதான். சொல்லப்போனால் சிட்டிங்குக்கு முந்தின நாள் ஷேவ் செய்துகொண்டு வரத்தான் சொல்வார்கள். நீட்டிக்கொண்டிருக்கும் முடி தோலின் மேலேயே எரிந்து சுட்டுவிடும், வேருக்குப் போகும் சூடும் குறையும். காலையில் அவசர அவசரமாகச் செய்து கீறிக்கொண்டு வராமல், முதல் நாள் மாலை புது ரேசரால் நிதானமாகச் செய்வது நல்லது.

வெயில் விஷயத்தில் நாம் ரொம்ப அலட்சியம். ஸ்கூட்டரில் அலுவலகம் போய் வருகிறவரின் மூக்கும் கன்னமும் கழுத்தைவிட ஒரு படி கறுத்திருக்கும். அந்தக் கூடுதல் கறுப்பும் மெலனின்தான், லேசரின் சூட்டை இழுக்கும். கொடைக்கானல், கோவா என்று சுற்றிவிட்டு வந்த அடுத்த வாரமே சிட்டிங் போடாதீர்கள். மூன்று நாலு வாரம் போகட்டும். மலையில் குளிராக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம், உயரம் கூடக்கூடப் புற ஊதாக் கதிரும் கூடும். எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனைக் காலையில் ஒருமுறை பூசினால் போதாது, வெளியில் இருந்தால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும்.

இதையெல்லாம்விட எனக்குக் கவலை தருவது, ‘சிவப்பாக்கும்’ கிரீம்கள். மருந்துக்கடையில் பக்கத்து வீட்டக்கா பேர் சொல்லி வாங்கித் தந்த சின்ன ட்யூப், இரண்டு வாரத்தில் முகம் பளபளவென்று ஆகிவிட்டது என்பார்கள். அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பெட்டமெத்தசோன், மொமெட்டசோன், க்ளோபெட்டசால் என்று ஏதாவது எழுதியிருந்தால் அது ஸ்டீராய்டு. கூடவே ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் சேர்ந்த மூன்று கலப்புக் கிரீமும் உண்டு, மங்குக்காக மருத்துவர் அளவோடு எழுதித் தருவது. இவற்றை மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, சிவந்து, நரம்புக் கோடுகள் தெரிய ஆரம்பிக்கும். முகத்தில் முடி கூடுவதும் உண்டு. எந்த முடியை எடுக்க லேசருக்குப் போகிறோமோ, அதை வளர்த்துவிட்டதே அந்த ட்யூபாக இருக்கலாம். 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. கடைகளில் நடப்பது உங்களுக்கே தெரியும். இந்தத் தோலில் லேசர் அடித்தால் புண்ணாகி, ஆறியபின் கறுப்புத் தழும்பு நிற்க வாய்ப்பு அதிகம். அதற்காக நீங்களாகவே ஒரே நாளில் நிறுத்தவும் வேண்டாம், முகம் எரிந்து பொங்கிவிடும். ட்யூபைக் கையோடு எடுத்துப்போய்த் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். திட்டுவாரோ என்று மறைக்காதீர்கள்.

கிளைகாலிக் ஆசிட், ரெட்டினால் போன்றவற்றை ஒரு வாரம் முன்பே நிறுத்திவிடலாம். குப்பைமேனி, கோரைக்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள் அரைத்துத் தேய்க்கும் வைத்தியமும் அந்த வாரத்தில் வேண்டாம். பரபரவென்று தேய்த்துத் தோலைச் சிவக்கவைத்துக்கொண்டு போவதில் லாபமே இல்லை. சிட்டிங் அன்றைக்கு முகம் வெறுமையாக இருக்க வேண்டும்: மேக்கப், பவுடர், கண் மை, மஞ்சள் பூச்சு எதுவும் கூடாது. மை கறுப்பு என்பதை லேசர் மறக்காது. மோவாயில் பச்சை குத்தியிருந்தாலோ மச்சம் இருந்தாலோ முதலிலேயே காட்டுங்கள், அந்த இடத்தை மூடிவிட்டு அல்லது விட்டுவிட்டுத்தான் செய்வார்கள்.

வலி பயத்தில் மரத்துப்போகும் கிரீமை வீட்டிலேயே பூசிக்கொண்டு வருவது இன்னொரு தவறு. மேலுதட்டில் லேசரின் ஒவ்வொரு ஒளித்துடிப்பும் ரப்பர் பேண்டை இழுத்துச் சுண்டியதுபோல் இருக்கும், முடி கருகும் வாசனையும் வரும். பெரும்பாலோர் தாங்கிக்கொள்வார்கள். கிரீம் தேவையென்றால் கிளினிக்கிலேயே அளவு பார்த்துப் பூசுவார்கள். அமெரிக்காவில் 22, 25 வயதுள்ள இரண்டு பெண்கள், கால்முடிக்கு லேசர் செய்யப் போகும்முன் இப்படிப்பட்ட கிரீமைக் கால் முழுக்கப் பூசி, மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டார்கள். மருந்து ரத்தத்தில் அளவுக்கு மீறி ஏறி, வலிப்பு வந்து, நினைவிழந்து இறந்துபோனார்கள். 2007-ல் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் இதற்காகவே பொது எச்சரிக்கை விட்டது. முகம் சின்ன இடம்தான். ஆனால் கை, கால் என்று ஆரம்பிப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

மருத்துவரிடம் சொல்லாமல் விடுவது பற்றி. மாதவிடாய் தள்ளித் தள்ளி வருகிறது, மோவாயில் முடி முரடாக வளர்கிறது என்றால் பிசிஓடி என்ற சினைப்பை ஹார்மோன் கோளாறு இருக்கலாம். அதைப் பார்க்காமல் லேசர் மட்டும் செய்தால், ஹார்மோன் புது முடியைத் தள்ளிக்கொண்டே இருக்கும். பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் அல்லது டாக்சிசைக்ளின் சாப்பிடுவது, உதட்டோரம் அடிக்கடி நீர்க்கொப்புளம் வருவது, காயம் பட்டால் தழும்பு மேடாக எழும்புவது, கர்ப்பமாக இருப்பது: நாலையும் கேட்காமலே சொல்லிவிடுங்கள். மாத்திரையை நிறுத்துவதா வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

கன்னத்துப் பூனை முடிக்கு லேசர் கேட்பதும் நம் ஊரில் சகஜம். மெல்லிய, நிறம் குறைந்த முடியில் லேசருக்குப் பிடிமானம் இல்லை. அதைவிட மோசம், தெற்காசியப் பெண்களின் முகத்தில், குறிப்பாகப் பிசிஓடி உள்ளவர்களுக்கு, லேசர் பட்டபின் பூனை முடி தடித்துக் கறுப்பாக வளர்வது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. எல்லோருக்கும் நடப்பதில்லை. ஆனாலும் ‘முழு முகம் பேக்கேஜ்’ என்று தள்ளுபடியில் தருகிறவர்களிடம், என் கன்னத்துக்கு இது தேவையா என்று கேட்டே ஆக வேண்டும். நரைத்த முடிக்கும் லேசர் பயன்படாது.

கேட்கவேண்டியது இன்னும் உண்டு. எந்த மெஷின்? மாநிறத்துக்கும் கறுப்புக்கும் 1064 நானோமீட்டர் என்டி யாக் லேசர்தான் அதிகப் பாதுகாப்பு. டயோடு என்ற வகை லேசரிலும் கவனமான அளவில் செய்கிறார்கள். ஐபிஎல் என்பது லேசரே இல்லை, பல நிறம் கலந்த ஒளியைப் பளிச்சிடும் கருவி, அதில் நம் தோல் சுட்டுக்கொள்ளும் ஆபத்து கூடுதல். மெஷினைப் பிடிப்பவர் யார், மேலே பார்த்துக்கொள்ள எம்டி, டிவிடி படித்த தோல் மருத்துவர் அங்கேயே இருக்கிறாரா? காதோரம் சின்ன இடத்தில் சோதித்துப் பார்த்துச் சில நாள் பொறுக்கத் தயாரா? இதற்கெல்லாம் முகம் சுளித்தால் அந்தக் கதவை மூடிவிட்டு வரலாம்.

அப்புறம் கல்யாணம். முகூர்த்தத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது வந்து நிற்கிறார்கள். முடி எல்லாம் ஒரே நேரத்தில் வளர்வதில்லை, வளர்கிற கட்டத்தில் இருப்பதைத்தான் லேசர் பிடிக்கும். அதனால் முகத்துக்கு நாலு முதல் ஆறு வார இடைவெளியில் ஆறு சிட்டிங்காவது ஆகும், அப்போதும் முடி குறையுமே தவிர அடியோடு போய்விடும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. தோல் கறுத்துவிட்டால் அது மங்கவும் மாதக்கணக்காகலாம். மாசியில் முகூர்த்தம் என்றால் ஆடியிலேயே முதல் சிட்டிங் முடிந்திருக்க வேண்டும், கடைசி சிட்டிங்குக்கும் பந்தக்காலுக்கும் நடுவே மூன்று வாரமாவது விட வேண்டும்.